பத்தரை மாற்று: நம்பகம் குறிக்கும் ஒரு தொடரின் வரலாறு

ஐயத்திற்கு இடமின்றி நம்பத்தக்கவரைச் சுட்ட ஆங்கிலத்தில் 'ஸ்டெர்லிங்' என்னும் அடை வழங்குகிறது. இடைக்கால இங்கிலாந்தின் வெள்ளிக் காசுக்குப் பெயராயிருந்த இச்சொல், 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்னும் தரத்தைக் குறித்து, பின்னர் மனிதப் பண்பிற்கு ஏறியது. தமிழில் இவ்விடத்தில் நிற்பது பொன்: 'பத்தரை மாற்று'.

மாற்று என்பது பொன்னின் தர அளவு. உரைகல்லில் பொன்னைத் தேய்த்து, அதன் கீற்றைத் தரம் அறிந்த ஆணியின் கீற்றோடு ஒப்பிட்டு மாற்றுக் காண்பர். 'ஆணிப்பொன்' என்னும் வழக்கும் இத்தொழிலோடு சேர்ந்ததே. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் பொன்னின் தரத்தைத் 'தண்டவாணி' என்னும் அளவோடு ஒப்பிட்டுக் கூறுகின்றன. உச்ச எண் எங்கும் ஒன்றாக இல்லை. 1886இல் வெளிவந்த ஆப்சன்–சாப்சன் அகராதி மிகத் தூய பொன்னை 9 மாற்று என்கிறது. மக்கள் வழக்கிலோ 10½ நிலைத்தது. பொன்னைத் தேர்வதிலிருந்து ஆளைத் தேர்வதற்குச் செல்லும் உருவகம் மிகப் பழையது. திருக்குறளின் 51ஆம் அதிகாரமான 'தெரிந்து தெளிதல்' முழுவதும் இதுவே பேசப்படுகிறது. கட்டளைக்கல் வருவதும் அங்கேதான். அத்தலைப்பில் 'தெளிதல்' என்பதற்கு நம்புதல் என்பதே பொருள்.

தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கும் திருவனந்தபுரத்தில் இத்தொடரின் பிற்கால வரலாறு தெளிவாகப் புலப்படுகிறது. மலையாளத்தில் 'பத்தரமாற்று' உயிரோட்டமான அடை. அதனினும் சுவையானது 'மாற்றுரய்க்குக' என்னும் வினை. மாற்று உரைத்துப் பார்த்தல் என்னும் பொருளிலிருந்து, போட்டியில் திறன் காட்டுதல் என்னும் பொருளை அது பெற்றுள்ளது. 2025 சனவரியில் அந்நகரில் நடந்த மாநிலப் பள்ளிக் கலைவிழா போன்றவற்றைப் பற்றிய செய்திகளில் இது வழக்கமான வினை. மலையாளத்தில் 'மாற்றம்' வேறு, தரம் குறிக்கும் 'மாற்று' வேறு, ஆகவே குழப்பமில்லை.

தமிழில் நிலைமை வேறு. மாற்றுக் கருத்து, மாற்று வழி, மாற்று ஏற்பாடு எனப் பெருகிய வழக்குகள் தரம் குறிக்கும் பழைய சொல்லை மறைத்துவிட்டன. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று சொல்வோர் பலர் அதிலுள்ள மாற்றைப் பிரித்தறிவதில்லை. போதாக்குறைக்கு, 'உரைத்தல்' தேய்த்தலுக்கும் பேசுதலுக்கும் பொது. மலையாளச் செய்தியொன்றை மொழிபெயர்ப்பவர் வினையை அப்படியே எடுத்து 'அணிகள் மாற்றுரைக்கும்' என எழுதினால், தமிழ் வாசகர் கொள்ளும் பொருள் 'சொன்னதை மாற்றிப் பேசும்' என்பதே. நம்பகத்தின் சொல் நம்பகமின்மையின் சொல்லாகிவிடும். 'போட்டியிடும்' என்பது பிழையன்று, ஆயினும் உரைகல் அதில் இல்லை. 'திறனை உரைத்துப் பார்க்கும்' என்பது இரண்டையும் காக்கிறது.