நெஃபர்தாரி அரசியின் குகைக் கல்லறை

எகிப்து என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பிரமிடுகள்தான். ஆனால் கிசா பிரமிடுகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த மன்னர்கள், மலையைக் குடைந்து பூமிக்கு அடியில் தங்கள் கல்லறைகளை அமைத்தார்கள். அவற்றில் மிக அழகானது எது என்று கேட்டால், பலரும் சொல்வது ஓர் அரசியின் கல்லறையை!

அந்த அரசி நெஃபர்தாரி. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்செஸின் பட்டத்தரசி. ராம்செஸுக்கு மனைவியர் பலர். இருந்தாலும் அபு சிம்பலில் ஹாத்தோர் தேவதைக்கும் நெஃபர்தாரிக்கும் என ஒரு கோயிலைக் குடைந்து, வாசலில் தன் சிலைகளுக்குச் சமமான உயரத்தில் அரசியின் சிலைகளையும் நிறுத்தினார். பொதுவாக எகிப்தில் அரசியின் சிலை மன்னரின் முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் உள்ள அரசிகளின் பள்ளத்தாக்கில் இந்தக் கல்லறை இருக்கிறது. 1904ல் இத்தாலியரான எர்னஸ்டோ ஷியாபரெல்லி இதைக் கண்டுபிடித்தார். ஆனால் கொள்ளையர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முந்திவிட்டார்கள்! எஞ்சியவை உடைந்த கல் சவப்பெட்டி மூடி, ஒரு ஜோடி செருப்பு, சில சிறு பொம்மைகள், மம்மியின் முழங்கால்கள். இவை இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்த முழங்கால்கள் நெஃபர்தாரியுடையதாகவே இருக்கலாம் என 2016ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கொள்ளையர்களால் தூக்கிச் செல்ல முடியாதது சுவர் ஓவியங்கள் மட்டுமே. சுமார் 520 சதுர மீட்டர் பரப்பு! கூரையில் நீல வானமும் மஞ்சள் நட்சத்திரங்களும். சுவரில் வெள்ளை உடையில் அரசி செனட் என்ற கட்ட விளையாட்டு ஆடுகிறார். ஐசிஸ் தேவதை அவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறாள்.

இந்த ஓவியங்களுக்கு எதிரி உப்பு. அங்குள்ள சுண்ணாம்புப் பாறை தரமற்றது என்பதால் சுவரில் கனமாகச் சாந்து பூசி, அதன் மேல் செதுக்கி வண்ணம் தீட்டினார்கள். பாறையிலும் சாந்திலும் இருக்கும் உப்பு ஈரத்தில் கரைந்து, காயும்போது படிகமாகி, சாந்தை ஓவியத்தோடு பெயர்த்துத் தள்ளுகிறது. பார்க்க வருபவர்களின் மூச்சும் வியர்வையும் அந்த ஈரத்தைக் கூட்டுகின்றன.

1950ல் கல்லறை மூடப்பட்டது. 1986 முதல் 1992 வரை எகிப்து தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் சேர்ந்து ஓவியங்களைக் காப்பாற்றின. உதிர்ந்த இடங்களில் புதிதாக வண்ணம் தீட்டவில்லை. இருப்பதைச் சுத்தம் செய்து, சுவரோடு ஒட்ட வைத்தார்கள். 1995ல் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி. அதன் பிறகும் கல்லறையை மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தது.

3,200 ஆண்டுகள் இருட்டில் பத்திரமாக இருந்தது, நூறே ஆண்டு வெளிச்சத்தில் ஆபத்துக்கு வந்துவிட்டது. பார்க்கத்தான் ஓவியம். ஆனால் பார்ப்பதாலேயே அது அழியும் என்றால்?