கைட்ரிட் பூஞ்சை நோய்: களத்தில் கண்டறிதல்

கைட்ரிட் நோய் தவளை, தேரை முதலிய இருவாழ்விகளின் தோலைப் பற்றும் பூஞ்சைத் தொற்று. இதற்குக் காரணமான பத்ராக்கோகைட்ரியம் டெண்ட்ரோபாட்டிடிஸ் 1999-இல் முறையாக விவரிக்கப்பட்டது. இது தோலின் கெரட்டினில் வளர்ந்து உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கும். முற்றினால் இதயம் நின்றுவிடும். 2019-இல் வெளிவந்த உலக மதிப்பீடு 501 இனங்கள் இதனால் குறைந்ததாகவும், அவற்றுள் 90 அழிந்திருக்கலாம் என்றும் கூறியது.

இந்தியாவில் இந்தப் பூஞ்சை மேற்குத்தொடர்ச்சி மலையில் இருப்பது 2011-இல் பதிவானது. அங்கே அது பரவலாக உள்ளதை 2015-இல் கோவையின் ஜூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஆய்வு காட்டியது. ஆனால் ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் நிகழ்ந்ததுபோல் இங்கே தவளைகள் கூட்டமாகச் சாகவில்லை. சோதிப்பவருக்குச் சிக்கலே இதுதான்: நலமாகத் தெரியும் தவளையின் தோலில் சொற்ப அளவே இருக்கும் பூஞ்சையைப் பிடித்தாக வேண்டும்.

மாதிரி எடுக்க அதிகச் செலவில்லை. கொரோனாவுக்கு மூக்கில் விட்டதுபோன்ற பஞ்சுக்குச்சியால் வயிறு, தொடை, விரலிடைகளைத் தேய்த்தால் போதும். தவளைக்குத் தவளை கையுறையை மாற்ற வேண்டும். செலவெல்லாம் அதன்பின் வரும் பிசிஆர் சோதனைக்குத்தான். ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையத்தினர் 2023-இல் வெளியிட்ட புதிய சோதனைமுறை இந்தியாவோடு ஆஸ்திரேலியா, பனாமா மாதிரிகளிலும் பலன் தந்தது. ஆனாலும் அதற்கு ஆய்வுக்கூடம் தேவை.

களத்திலேயே விடை தரும் வழிகளில் மிக மலிவானது கைலென்ஸ். தலைப்பிரட்டைக்கு வாயோரத்தில்தான் கெரட்டின் உண்டு. தொற்று வந்தால் அங்குள்ள கருநிறம் வெளிறும். ரசாயன மாசும் வாயைச் சிதைக்கக்கூடும் என்பதால், சாயக்கழிவு சேரும் திருப்பூர் வட்டாரக் குட்டைகளில் இதை மட்டும் நம்ப முடியாது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2017-இல், கர்ப்பச் சோதனைப் பட்டை போன்ற ஒன்றை உருவாக்கினர். மடியும் தவளைகள் கிடைக்கும் இடத்தில் அது கைகொடுக்கும்; நம் மலைகளின் குறைந்த தொற்றுக்கு அது போதாது என்றே தோன்றுகிறது.

அவிநாசி போன்ற சமவெளி ஊர்களுக்கு வெயிலே ஓரளவு காவல்: பூஞ்சை நன்கு வளர்வது 17 முதல் 25 டிகிரியில். ஆனால் அதன் நீந்தும் வித்துகள் நீரில் வாரக்கணக்கில் உயிர்வாழும். 2024-இல் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், மேற்குத்தொடர்ச்சி மலையில் பிறக்கும் பவானியின் நீரை 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டுவருகிறது. அவற்றில் மாதிரி எடுப்போர் ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுப்பது நல்லது. சித்திரையில் எடுத்துத் தொற்று இல்லை என்று வந்தால் அதற்குப் பெரிய பொருள் கிடையாது.