தென்னார்க்காடு: கலைக்கப்பட்ட ஒரு மாவட்டமும் கலையாத சில எல்லைகளும்



மாவட்ட வரலாறு பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், கலெக்டர் ஆபீஸ் சங்கதியில் நமக்கு என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மரக்காணத்து உப்பளத்தில் கால் வெடிக்க உப்பு வாருகிற ஒரு பெண்ணுக்கு, தன் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தால் என்ன? ஆனால் அவளுக்கு ஏன் நிலம் இல்லை என்று கேட்கத் தொடங்கினால், மாவட்டத்தின் வரலாற்றுக்குள் போகாமல் விடை கிடைக்காது.

1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அப்படி உருவானதுதான் தென்னார்க்காடு மாவட்டம். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த மாவட்டத்தின் வடகிழக்குக் கரையில் இருந்தது மரக்காணம். கம்பெனி மாவட்டம் அமைத்தது வரி வசூலிப்பதற்காக. அதனால்தான் அந்த அதிகாரிக்கே 'கலெக்டர்', வசூலிப்பவர், என்று பெயர். நிலவரி ஒருபக்கம் என்றால் உப்பு மறுபக்கம். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமாயிற்று. கடலும் வெயிலும் தந்த பொருளுக்குக் காவல் போடப்பட்டது. 1947இல் உப்பு வரி ஒழிந்தது. உப்பு வாரியவரின் கூலி வாழ்க்கை ஒழியவில்லை.

இந்த மாவட்டத்தின் வரலாற்றில் ஒரு தேதியை நாம் மறக்கக் கூடாது: 1892 செப்டம்பர் 30. பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் அறிக்கை எழுதினார். நிலமில்லாமைதான் அடிமைத்தனத்தின் வேர் என்பதை அது அரசின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து அன்றைய தேதியில் வந்ததுதான் 1010ஆம் எண் அரசாணை. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதன் வழி வந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை.

சரியாக 101 ஆண்டுகள் கழித்து, 1993 செப்டம்பர் 30 அன்று, தென்னார்க்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. திண்டிவனம் பகுதியோடு மரக்காணமும் புதிய விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தது. தேதிகள் ஒன்றானது தற்செயலாக இருக்கலாம். ஆனால் முதல் தேதி தந்த நிலத்தைத் தேடுகிறவர்களுக்கு, இரண்டாவது தேதி வேலையைக் கூட்டிவிட்டது.

பிரிந்த மாவட்டங்களுக்கு வள்ளலார் பெயரும் இராமசாமி படையாட்சியார் பெயரும் சூட்டப்பட்டன. அந்தப் பெயர்கள் 1997இல் ஏன் நீங்கின? தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் ஒருவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று கலவரம் வெடித்தது. அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. நம் ஒரு பெயரைத் தாங்க முடியாமல் தமிழ்நாட்டின் வரைபடமே திருத்தி எழுதப்பட்டது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தில் கோடுகள் மாறின. ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள கோடு மாறவில்லை. தென்னார்க்காடு ஒன்றாக இருந்த 1978இல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். பிரிந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரல் 25 அன்று, மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. ஆனால் இதே மண்ணின் வரலாறு எரிந்த வீடுகளோடு முடிவதில்லை. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரும், தீண்டாமை குறித்த தேசிய அளவிலான குழுவுக்குத் தலைமை ஏற்று 1969இல் அறிக்கை அளித்த காட்டுமன்னார்கோயில் இளையபெருமாளும் தென்னார்க்காட்டில் நின்று வேலை செய்தவர்கள்தாம். இவர்கள் இல்லாத மாவட்ட வரலாறு வரிக்கணக்கு மட்டுமே.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? உப்பு, அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. உப்பள நிலத்தைப் பற்றிக் கேட்டால் மாநிலம் மத்தியைக் காட்டும், மத்தி மாநிலத்தைக் காட்டும். பஞ்சமி நிலத்துக்கு அப்படிக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. அது வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. 1980களில் நடந்த யூடிஆர் பதிவுகளின்போது நிபந்தனை நிலங்கள் பலவும் பிறர் பெயருக்குப் பட்டாவாயின என்று நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. அதை நிரூபிக்க யூடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு வேண்டும். அதன் தலைப்பில் விழுப்புரம் என்று இருக்காது, தென்னார்க்காடு என்றுதான் இருக்கும். இல்லாமற்போன மாவட்டத்தின் பெயரில்தான் நம் நிலம் இருக்கிறது.

1994 அக்டோபர் 10 அன்று, காரணையில் பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டதை நாம் காகிதத்தைக் கொடுத்தாவது கேட்க வேண்டாமா?

ஆய்வு மாணவர்கள் தலைக்கு ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீசிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பழைய பதிவேட்டைக் கேளுங்கள், நகல் எடுங்கள். சேரியில் உட்கார்ந்து பெரியவர்களிடம் எல்லைக்கல் எங்கே இருந்தது என்று விசாரியுங்கள். பட்டம் வாங்குவதற்கு முன் அந்த நகலை ஊர் மக்கள் கையில் கொடுங்கள். நாம் எழுத வேண்டிய மாவட்ட வரலாறு அங்கிருந்து தொடங்கட்டும்.