கிடைக்காரங்க வீடும் மங்கோலியாக்காரங்க வீடும்

கும்பப்பூ அறுப்பு முடிஞ்சு வயலெல்லாம் தரிசா கிடக்கு. எனக்கு பத்து வயசு இருக்கும்போது இந்த நேரத்துக்கு ஆரல்வாய்மொழி கணவாய் வழியா கிழக்கேயிருந்து செம்மறி ஆட்டுக்காரங்க வந்து சேர்ந்திருப்பாங்க. அப்பா முன்கூட்டியே சொல்லி வச்சிருப்பார். ராத்திரி ஆடு வயலில் படுத்தா புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குப் போகும். ஒருநாள் இங்க, மறுநாள் பட்டியைப் பிரிச்சு நாலு வரப்பு தள்ளி. கூலி நெல்லாத்தான் அளந்தோம்.

பட்டியோட வீடும் நகரும். வளைச்ச மூங்கில் நாலு, மேல பனை ஓலைப் பாய், அவ்வளவுதான். குனிஞ்சுதான் உள்ள போகணும். பிறந்த குட்டிகளுக்கு மட்டும் தனியா குடாப்பு, பெரிய கூடையைக் கவுத்து வச்ச மாதிரி. அதுதான் ஆட்டுக்காரங்க வீட்டைவிட உறுதியா இருக்கும்!

போன மாசம் மகள் போனில் மங்கோலியா வீடு ஒண்ணு காட்டினா. உலகத்தில் யூர்ட்னு சொல்றாங்க, அந்த நாட்டுக்காரங்க சொல்லுறது கெர். மரப்பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் கோத்து, மடக்கி விரிக்கிற சுவர். உச்சியில் ஒரு வளையம், அதில் குத்தி நிறுத்தின கம்புகள். மேல போத்துறது ஆட்டு ரோமத்தை நனைச்சு, அடிச்சு, உருட்டி இறுக்கின கனத்த கம்பளம். வாசல் எப்பவும் தெற்கு பாத்து. ஒண்ணு ரெண்டு மணி நேரத்தில் எழுப்பி, பிரிச்சு ஒட்டகத்தில் ஏத்திருவாங்களாம். 1253இல் அங்க போன ரூப்ருக்குங்கிற பாதிரியார், பிரிக்காமலே வண்டியில் வச்ச வீட்டை 22 மாடு இழுத்ததா எழுதி வச்சிருக்கார். வீடு மட்டுமில்ல, அவங்க தலைநகர் உலான்பாத்தரே 1639இல் நகரும் மடமாத்தான் தொடங்குச்சு. இருபது தடவைக்கு மேல இடம் மாறி, 1778இல்தான் ஒரு இடத்தில் உக்காந்துச்சு.

நம்மாளுக்கு ஏன் அப்படி ஒரு வீடு இல்லைன்னு யோசிச்சேன். பதில் ஆட்டு மேலேயே இருக்கு. வேம்பூர் ஆடு, கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை எல்லாத்துக்கும் முடிதான், கம்பளி கிடையாது. குளிரும் கிடையாது. பனை இருக்கு, ஓலை போதும். கோடையில் காத்து வரும். ஆனா மழைக்கு அது தாங்காது.

ஒரு பங்குனியில் சாயங்காலம் திடீர்னு இடி மழை. ஆட்டுக்காரர் கைக்குழந்தையோட வந்து, "அய்யா, களத்துக் கொட்டகையில் பொம்பளையும் பிள்ளையும் இன்னைக்கு ராத்திரி மட்டும் ஒதுங்கிக்கட்டுமா?"ன்னு கேட்டார். உள்ள விதைநெல் கிடந்துச்சு. அப்பா, "அது சரிப்படாதுப்பா"ன்னுட்டார். நான் திண்ணையில் உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். காலையில் போனா பட்டியும் இல்ல, கூடும் இல்ல. மூங்கில் ஊனின குழியும் ஈரச் சாம்பலும்தான். அந்த ராத்திரிக்குக் கூலியும் வாங்கல. அடுத்த வருஷம் வரவே இல்ல. அப்பா மூட்டை மூட்டையா யூரியா வாங்கினார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே மாட்டார்.

இப்ப எங்க பக்கம் பாதி வயல் தென்னந்தோப்பு, மீதியில் பிளாட் கல். கிடை போட தொடர்ச்சியா நாலு வயல் தேடணும். ஆனாலும் மண்ணு இறுகிக்கிட்டே போறதால இந்த வருஷம் ஒரு ஆட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கூலியை முதல்ல கேக்கல. "தண்ணி கிடக்கா? மழை வந்தா ஒதுங்க இடம் உண்டா அண்ணாச்சி?"ன்னுதான் கேட்டார்.

களத்துக் கொட்டகை சும்மாதான் கிடக்குன்னு சொன்னேன். நேத்து அதைத் தூத்துப் பெருக்கி, ஒழுகுற ரெண்டு ஓட்டை மாத்திட்டேன். பங்குனி பத்து தேதிக்கு மேல வாறேன்னு சொல்லியிருக்கார்.