கல்லில் நின்ற குடிலும் கழற்றி வந்த வீடுகளும்

பெரும்பாணாற்றுப்படை ஒரு மன்னனைப் புகழ எழுந்த நூலாயினும், அதனைத் தொண்டை நாட்டு வீடுகளின் பதிவேடாகப் படிப்பதற்கும் இடமுண்டு. இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழிகூறும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், எயினர், ஆயர், உழவர், அந்தணர், வலைஞர் என ஒவ்வொருவர் மனைமுன்னும் அவனை நிறுத்துகின்றார். எயினர் குரம்பை ஈந்தின் இலை வேயப்பெற்று முள்ளம்பன்றியின் முதுகெனத் தோன்றுகிறது. வலைஞர் குடிலுக்குத் தருப்பைக் கூரை. அந்தணர் வீட்டுப் பந்தற்காலில் கன்று கட்டப்பட்டுள்ளது. பின்னர் நீர்ப்பெயற்றுத் துறையும், இரவில் கலங்களை அழைக்கும் விளக்கேற்றிய மாடமும் வருகின்றன. அத்துறையே மாமல்லபுரம் என்பாரும் உளர். கூரை எதனால் வேயப்பட்டது என்பதையும் குறிக்கும் இந்நுட்பத்தைப் பிற்கால மெய்க்கீர்த்திகளில் காண இயலாது.

அக்குடில்களுள் ஒன்றேனும் இன்று இல்லை. அவற்றின் சாயல் மட்டும் கல்லில் நிற்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையில் குடையப்பட்ட திரௌபதி இரதம், இரதமும் அன்று, திரௌபதிக்கு உரியதும் அன்று. அது கொற்றவைக்கு எடுத்த கோயில். அதன் கூரையோ ஓலையும் புல்லும் வேய்ந்த சிற்றூர்க் குடிலின் கூரையே. கருங்கல்லில் சிற்றுளி பிடித்த தச்சன், தன் ஊரார் வாழ்ந்த குடிலையே தெய்வத்தின் இல்லமாகப் படைத்தான். 1984-இல் மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றபோது இக்கற்குடிலும் அப்பெருமையை எய்தியது.

கல்லுக்குக் கிட்டிய காவல் வாழும் வீட்டுக்குக் கிட்டவில்லை. 1958-ஆம் ஆண்டின் நடுவண் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழக அரசுச் சட்டமும் பழஞ்சின்னங்களைக் காக்க வந்தவை. அவற்றின் துணையால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை எஞ்சியது. கோவளத்துக் கோட்டையோ 1752-இல் கிளைவ் கைப்பற்றியபின் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் இப்போது விடுதி உள்ளது. தாத்தன் கட்டிய திண்ணை வீடு இவ்விரு வகையிலும் அடங்காது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடுத்தது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் இசைவு வேண்டும். குடிலைப் பார்த்துக் கல் செதுக்கிய ஊரில், கல்லுக்காகக் குடியானவர் தம் கூரையை மாற்ற மனுக் கொடுக்கின்றனர். சின்னங்களை நெருக்கும் கட்டடங்களைப் பார்த்தவர் எவரும் அச்சட்டம் வேண்டாததென்று கூறார். ஆயினும் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் எண்ணத்தக்கதே.

வீட்டைக் காக்க மற்றொரு வழி, இதே கடற்கரையில் வடக்கே முட்டுக்காட்டில் மேற்கொள்ளப்பட்டது. 1984-இல் தோன்றிய சென்னைக் கைவினை அறக்கட்டளை, தெபோரா தியாகராசனின் முயற்சியால் 1996-இல் தட்சிணசித்திராவைத் திறந்தது. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் அதன் அமைப்புக்கு வடிவம் தந்தார். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறித்தவர் வீடு முதலியன அங்குக் காணக் கிடைக்கின்றன. பாகப்பிரிவினையால் பலர் கைக்குப் பிரிந்த வீடுகள் பொதுவாகத் தேக்கும் தூணுமாகக் காரைக்குடிக் கடைகளுக்குச் சென்று சேரும் காலத்தில், சில வீடுகளேனும் வீடாகவே விலைக்கு வாங்கப்பட்டன. தூண், உத்தரம், நிலை எனப் பிரித்து வண்டியேற்றி, மரபறிந்த தச்சரையும் கொத்தரையும் கொண்டு அவற்றை மீண்டும் எழுப்பினர். சுவீடன் நாட்டார் 1891-இலேயே சுடாக்கோமில் சுகான்சன் என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தில் இவ்வகை முயற்சியைத் தொடங்கினர்.

பெயர்த்து வந்த வீட்டில் முற்றம் வருகிறது, முற்றத்தில் விழும் மழையும் வருகிறது. வராதது தெரு. அண்டைவீட்டுச் சுவரில் சாய்ந்து நின்ற வீடு, அங்குத் தனித்து நிற்கும்போது அதன் பக்கச்சுவர் முதன்முறையாக வெயில் காண்கிறது. திண்ணை இருக்கும், வழிப்போக்கன் இரான். எனினும் மரக்கடைக்குச் சென்ற தூணைவிட முட்டுக்காட்டில் நிற்கும் தூண் மேலானதே. வெறும் காட்சிப்பொருள் என்று அதனை இகழ்வோர், அத்தூண் முன்பு நின்ற ஊருக்கு ஒருமுறை சென்று வருதல் நலம்.

அங்குள்ள ஓலைக் குடில்களின் நிலை வேறு. தேக்குத் தூண் தலைமுறைகள் நிற்கும். கடற்காற்றில் கீற்றுச் சில ஆண்டுகளில் மட்கிவிடும். திரௌபதி இரதத்துக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கூரை மாற்றவில்லை. முட்டுக்காட்டுக் குடிலுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு வேயத் தெரிந்த ஒருவர் ஏதேனும் ஓர் ஊரில் இருந்தாக வேண்டும்.