பலமனேர் ஏற்றமும் சக்கரக் குடத்து மோட்டாரும்: ஒரு தொழில்நுட்ப வரலாற்றுக் குறிப்பு

சித்தூரிலிருந்து பெங்களூரை நோக்கி மேற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலை, மொகிலி மலைச்சரிவில் ஏறிப் பலமனேரை அடைகிறது. சித்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் அமைந்த பலமனேரோ 680 மீட்டரைத் தொடுகிறது. நீலகிரி ஆங்கிலேயருக்குத் திறந்துவிடப்படும் முன்னர், சென்னை மாகாணத்து ஐரோப்பியர் வெயிலுக்கு அஞ்சி ஒதுங்கிய ஊர்களுள் இதுவும் ஒன்று. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வட ஆர்க்காட்டின் பகுதியாக இருந்த இவ்வூர், பயணிகளுக்கு எப்போதும் ஓர் ஏற்றமாகவே அறிமுகமாகியிருக்கிறது. கியர் பொருத்திய மிதிவண்டியில் மின்மோட்டார்ச் சக்கரத்தை மாட்டுவது இன்று எளிய வேலையாகக் கருதப்படுகிறது. அவ்வேலையின் வரலாற்றைப் படிக்க இந்த ஏற்றத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. சமதளத்தில் மறைந்து நிற்கும் ஒரு முரண் இங்கே வெளிப்பட்டுவிடுகிறது: வண்டியில் உள்ள கியர்கள் மிதிப்பவரின் காலுக்கு உதவுகின்றன, மோட்டாருக்கு உதவுவதில்லை.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டையைத் தச்சர்கள் ‘குடம்’ என்பர். அந்தக் குடத்துக்குள்ளேயே மோட்டாரை வைக்கும் எண்ணம் மிகப் பழையது. 1895 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பெற்ற காப்புரிமை, பின்சக்கரக் குடத்தில் அமைந்த நேர்மின்னோட்ட மோட்டாரை விவரிக்கிறது. 10 வோல்ட் மின்கலத்திலிருந்து 100 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கக்கூடிய அம்மோட்டாருக்குக் கியர் எதுவும் இல்லை. கணக்கிட்டால் அது ஒரு கிலோவாட். இன்றைய இந்திய விதி மிதிவண்டிக்கு அனுமதிக்கும் திறனைப்போல நான்கு மடங்கு. இரண்டே ஆண்டுகளில், 1897இல், ஹோசியா லிபி என்பவர் மோட்டாரைச் சக்கரத்திலிருந்து எடுத்து மிதிகட்டையின் அச்சுக்குக் கொண்டுவந்தார். மின்மிதிவண்டியின் இரு வம்சங்களும், சக்கரத்தைச் சுழற்றுவதும் மிதியச்சைச் சுழற்றுவதும், இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே பிறந்துவிட்டன. அதன்பின் நீண்ட உறக்கம். மோட்டார் ஆயத்தமாக இருந்தது; அதைச் சுமந்து செல்லத்தக்க எடையில் மின்கலம் இல்லை.

அந்த உறக்கக் காலத்தில் குடத்துக்குள் வேறொரு பொருள் குடியேறியது. 1902இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தொடங்கப்பட்ட ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம், கோள்போல ஒன்றையொன்று சுற்றும் சிறு பற்சக்கரங்களைக் குடத்துள் அடைத்து மூன்று வேகக் கியரை உருவாக்கியது. இன்று பரவலாக விற்கும் சிறிய மோட்டார்க் குடங்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பதும் அதே கோள் பற்சக்கர அமைப்புதான். ஆங்கிலேயக் குடத்தில் அது மிதிப்பவரின் வேகத்தை மாற்றித் தந்தது. மோட்டார்க் குடத்தில், விரைந்து சுழலும் மோட்டாரின் வேகத்தை நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஆனால் அந்த விகிதம் ஒன்றே ஒன்று. அதை மாற்ற முடியாது. தொழில்நுட்ப வரலாறுகள் இந்த உறவைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இந்தியாவில் 1949இல் அம்பத்தூரில் நிறுவப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் பெரும்பாலும் உற்பத்தி செய்தவை ஒற்றை வேக வண்டிகளே. பல பல்சக்கரங்களுக்கிடையே சங்கிலியைத் தாவச்செய்யும் கியர் வண்டி, நடுத்தர வர்க்க இளைஞரின் பொருளாகப் பின்னரே பரவியது. அதே காலகட்டத்தில் வேறிடங்களில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. 1980களின் முற்பாதியில் நியோடிமியம் காந்தம் உருவாகி மோட்டாரைச் சிறிதாக்கியது. 1993இல் ஜப்பானின் யமஹா, மிதிக்கும் விசையை அளந்து உதவும் மிதியச்சு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீனம் ஈய அமில மின்கலத்தையும் குடத்து மோட்டாரையும் இணைத்துக் கோடிக்கணக்கானோரின் வாகனமாக்கியது. யமஹா சென்றது லிபியின் வழி, சீனம் சென்றது போல்டனின் வழி. மிதியச்சு மோட்டாரின் விசை சங்கிலி வழியாகச் செல்வதால், வண்டியின் கியர்கள் அனைத்தும் அதற்குப் பயன்படும். எனினும் யமஹா வகை மோட்டாருக்கென்றே சட்டகம் தனியாக வடிவமைக்கப்பட வேண்டும். குடத்து மோட்டாரோ கையில் இருக்கும் பழைய வண்டியிலேயே பொருந்தும். ஏழை நாடுகள் அதைத் தேர்ந்தமைக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பொருத்துவதிலும் கியர் வண்டி தன் நிபந்தனைகளை விதிக்கிறது. முன்சக்கரத்தில் மாட்டினால் பின்புறக் கியர்களைத் தொட வேண்டியதில்லை; ஆனால் மோட்டாரின் திருப்பு விசையைத் தாங்குவதற்காக முன் ஃபோர்க் வடிவமைக்கப்படவில்லை, அலுமினிய ஃபோர்க்கில் அது உடைந்துபோகும் அபாயம் உண்டு. பின்சக்கரத்தில் மாட்டினால் சட்டகத்தின் பின் இடைவெளி, பொதுவாக 135 மில்லிமீட்டர், மோட்டாரின் அச்சோடு பொருந்த வேண்டும். மலிவான மோட்டார்க் குடங்கள் பல, திருகி ஏற்றும் ஆறு அல்லது ஏழு பல்சக்கர ஃப்ரீவீலையே ஏற்கும். எட்டு, ஒன்பது பல்சக்கரங்களை அடுக்கிய கேசட்டை ஏற்காது. எவ்வகையாயினும், அச்சு தன் பிளவில் திருகிக்கொண்டு வெளியேறாதபடி சட்டகத்தோடு பிணைக்கும் எஃகுக் கை ஒன்று தேவை. செலவு குறைக்க விரும்புவோர் முதலில் கைவிடுவது இதைத்தான்.

இனி ஏற்றம். ஆள், வண்டி, மோட்டார், மின்கலம் எல்லாம் சேர்ந்து 100 கிலோ எனக் கொண்டால், சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையிலான 350 மீட்டர் உயரத்தை வெல்ல ஏறத்தாழ 95 வாட்-மணி ஆற்றல் போதும். சாதாரண மின்கல அடுக்கு ஒன்று இதைப்போல மூன்று, நான்கு மடங்கு தாங்கும். ஆற்றலுக்குக் குறைவில்லை என்றால் இடர் எங்கே? 250 வாட் மட்டுமே கொண்டு, 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் இந்த வண்டி மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்ல முடியும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கென, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்றுக்கெனக் கம்பி சுற்றப்பட்ட மோட்டார், அங்கே 112 சுற்றில் உழைக்க நேர்கிறது. வேகம் குறையக் குறையத் திறமை குறைந்து, மின்சாரம் செப்புக் கம்பியில் வெப்பமாகிறது. மூடிய குடத்திலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. கால் சிறிய கியருக்கு மாறி இளைப்பாறுகிறது. மோட்டாருக்கு அந்த இளைப்பாறல் கிடையாது. ஏற்றத்தில் குறைந்த கியருக்கு மாறி விடாது மிதிப்பவரே தம் மோட்டாரைக் காக்கிறார்.

மின்கலத்தின் கதை இதே நிலப்பகுதியோடு தொடர்புடையது. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில், 1985இல் நிறுவப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் ஈய அமில மின்கல ஆலை உள்ளது. 36 வோல்ட், 12 ஆம்பியர்-மணி ஈய அமில அடுக்கு ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ளது. அதற்கு நிகரான லித்தியம் அடுக்கு அதில் நான்கில் ஒரு பங்கு அளவே. 2022இல் திருப்பதியிலேயே மூனோத் நிறுவனத்தின் லித்தியம் செல் ஆலை முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. போல்டனைத் தடுத்த எடை, பலமனேருக்கு அண்மையிலேயே கரையத் தொடங்கியிருக்கிறது.

கரையாதது சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டார் மிதிப்புக்குத் துணைநின்று, 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதோ மிதிப்பது நின்றாலோ அணைந்துவிட வேண்டும். அப்போது அது மோட்டார் வாகனமாகாது. இவ்வெல்லை சமதளத்துக்கும் மலைச்சாலைக்கும் ஒன்றே. மேலும், இந்த நிபந்தனைகள் அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பால் சரிபார்க்கப்பட வேண்டும் என்கிறது விதி. ஆலையில் உருவான புதிய மின்மிதிவண்டி அச்சான்றோடு கடைக்கு வருகிறது. பழைய கியர் வண்டியில் தன் கையால் சக்கரம் மாட்டி மொகிலி ஏற்றத்தில் மிதித்துச் செல்பவரின் வண்டி, அதே மோட்டாரைக் கொண்டிருந்தும், சான்று இல்லாததால் மிதிவண்டியா மோட்டார் வாகனமா என்ற கேள்வியோடேயே பலமனேருக்குள் நுழைகிறது.