மனத்துயருக்கும் ஒரு சுரமானி

உடம்பில் காய்ச்சல் கண்டால் அளந்தறியச் சுரமானி உண்டு. உள்ளம் கொதித்தால் அதனை அளக்க யாது உண்டு? மருத்துவ உலகம் இதற்கு விடை கண்டது மிக அண்மையிலேயே ஆகும்.

புற்றுநோய் என்னும் பெயரையே நோயாளியிடம் மறைத்து வைத்த காலம் ஒன்றிருந்தது. 1961-ல் சிக்காகோ நகர மருத்துவமனையொன்றில் விசாரித்தபோது, டாக்டர்களில் நூற்றுக்கு 90 பேர் உண்மையைச் சொல்ல விரும்பவில்லை. 1979-ல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்விலோ நூற்றுக்கு 97 பேர் சொல்லவே விரும்பினர். நோயின் பெயரே அறியாதவரிடம் மனநிலையை எவ்வாறு கேட்பது? பெயர் வெளிப்பட்ட பின்னரே கேள்வியும் பிறந்தது.

1977-ல் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் டாக்டர் ஜிம்மி ஹாலண்ட் அம்மையார் புற்றுநோயாளர்க்கென மனநலப் பிரிவை அமைத்தார். ‘மனநோய்’ என்றாலே மக்கள் கூசுவதறிந்து, 1997-ல் அவர் தலைமையில் கூடிய குழு ‘மனத்துயர்’ எனப் பொருள்படும் எளிய சொல்லைத் தேர்ந்தது. அவர்கள் கையாண்ட கருவி காகிதத்தில் வரைந்த ஒரு சுரமானிப் படமே. அடியில் 0, உச்சியில் 10. கடந்த ஒரு வாரத் துயரின் அளவை நோயாளியே குறிக்கலாம். 4 அல்லது அதற்கு மேலாயின் மேலும் விசாரிக்க வேண்டும். பணம், குடும்பம், அச்சம், உறக்கம் முதலிய தொல்லைகளின் பட்டியலும் உடனுண்டு.

தமிழர்க்கும் இதில் பங்குண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாற்றில் நிறுவிய நிலையத்தில், பிற்காலத்தில் உள்ளத்தைக் கவனிக்கவும் தனிப் பிரிவு தோன்றியது. மலேசியாவில் இவ்வளவுகோலின் மலாய் வடிவம் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் சோதிக்கப்பட்டு, 2012-ல் அவ்வாய்வு வெளியாயிற்று.

கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாகிய நான், பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவருக்கு மொழிபெயர்க்க ஒருமுறை ஆஸ்பத்திரி சென்றேன். மனநிலை எப்படியென்று தாதி கேட்டதற்கு, “ஒன்றுமில்லை, கிராணி ஐயா” என்றார் அவர். நானும் ஒன்றுமில்லையென்றே மலாயில் கூறிவிட்டேன். பல இரவுகளாக உறக்கமில்லை, தம் நோயால் பேத்தியின் படிப்பு நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறார் என்பதெல்லாம் திரும்பும் வழியிலேதான் வெளிவந்தன. அப்படம் அன்று அவர் கையிலிருந்தால், அவர் கூச்சமும் என் அவசரமும் குறுக்கே நின்றிரா.

அன்பர்களே! தலைவிதியென்று வாய்மூடிக் கிடப்பது பொறுமை அன்று. வீட்டு நோயாளி “ஒன்றுமில்லை” என்றால், பத்தில் எத்தனை என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணைத் தவறாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.